பெருமாள் பெருமாள் என்ற கணக்கை நான் நீக்கிய கதை

தம்பிமார் இருவருக்கும் தங்கச்சிக்கும்,

நாளைக் காலையிலிருந்து இணையத்தில் இருக்கும் நம் பஸ் குழுவை நீங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். போனில் எதை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை நான் சொல்லப்போவதில்லை. நேற்று பசறை பஸ் ஸ்டாண்டில் என்னைச் சுற்றி உட்கார்ந்து, "அண்ணே, ஒன்பது வருசம் பாத்திருக்கீங்க, ஏதாவது சொல்லிட்டுப் போங்க" என்று கேட்டீர்கள். எனக்குப் பேச்சு வரவில்லை. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். சொல்ல வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

குழு எப்படித் தொடங்கியது என்று உங்களில் யாருக்கும் தெரியாது. அப்போது நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள். நான் ஸ்டாண்டில் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று எழுதி, விசில் ஊதி அனுப்புவது என் வேலை. மழைக்காலத்தில் லுணுகலை ரோட்டில் எங்காவது மண் சரிந்து விழும். பஸ் நின்றுவிடும். வீதியோரத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஆட்களுக்கு அது தெரியாது. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் நிற்பார்கள். பிறகு என்னிடம் வந்து சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் குழுவைத் தொடங்கினேன். கண்டக்டர் எனக்கு போன் பண்ணுவார். "பன்னிரண்டாம் மைல்கட்டையில் மண். பஸ் வராது. நடக்கக்கூடியவர்கள் நடக்கவும்" என்று நான் எழுதிப் போடுவேன். அவ்வளவுதான்.

ஐந்தாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதிய அந்த வரிக்குக் கீழே இருபது பேர் "நன்றி அண்ணே" என்று எழுதுவார்கள். எனக்கு அது பெரிய விசயம். ஒருவர் தன் வீட்டு வாசலிலிருந்து பனிமூட்டத்தைப் படம் எடுத்து, "லைட் தெரியுது, பஸ் வந்துகிட்டிருக்கு, ஓடியாங்க" என்று போடுவார். தெமோதரை ஸ்டேசனில் இறங்கியவர் எழுதுவார்: "ரயில் லேட், கடைசி பஸ்ஸைக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க அண்ணே, நாங்க ஏழு பேர் இருக்கோம்." டிரைவரிடம் சொல்லுவேன். நிறுத்துவார். ஒரு முறை யாரோ குடையை பஸ்ஸில் விட்டுவிட்டார். பூப்போட்ட குடை. அந்தக் குடையின் படத்தை நான் போட்டதும் நாலு பேர் "என்னுடையது" என்றார்கள். நாலு பேரும் வந்து பார்த்து, மூன்று பேர் "இது இல்லண்ணே, நம்மளது கொஞ்சம் பழசு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் குழுவில் போட்டுவிடுவோம். லுணுகலைக்கு அந்தப் பக்கமிருந்தும் ஆட்கள் கேதத்துக்கு வந்துவிடுவார்கள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனம் இளகுகிறது. அந்தக் குழுவை உங்களிடம் கொடுக்க முடியவில்லையே என்பதுதான் என் குறை.

சண்டை வந்தது ஒரு படிவத்தால். ஆள் கணக்கெடுக்க வருவார்கள், இனம் என்ற இடத்தில் நாம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. இந்தியத் தமிழர் என்று சொல்வதா, மலையகத் தமிழர் என்று சொல்வதா? முதல் நாள் மரியாதையாகப் பேசினார்கள். இரண்டாம் நாள், "இந்தியத் தமிழர்னு எழுதுறவன் இந்தியாவுக்கே போயிடலாம்" என்று ஒருவர் எழுதினார். "பாட்டன் பூட்டன் பேரை மறைக்கிறவன் நாளைக்கு அப்பன் பேரையும் மறைப்பான்" என்று இன்னொருவர் எழுதினார். அதன் பிறகு பஸ் நேரத்தை யாரும் பார்க்கவில்லை. நான் "பதுளை பஸ் அரை மணி தாமதம்" என்று போட்டால் அதற்குக் கீழேயும் அந்தச் சண்டை நடந்தது. பசறையில் பல வருடம் படிப்பித்த யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் குழுவில் இருந்தார். பரீட்சை விவரங்களை அவர்தான் போடுவார். "இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, பிள்ளைகள் வாசிக்கிறார்கள், மெதுவாகப் பேசுங்கள்" என்று அவர் எழுதினார். "எங்க விசயத்துல நீங்க யாரு?" என்று கேட்டுத் துரத்தினார்கள். அவர் பதில் எழுதவில்லை. குழுவை விட்டுப் போய்விட்டார். நான் அவருக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

மலைச்சாரல் என்ற பெயரில் ஒருவர் அப்போதுதான் வந்தார். நல்ல தமிழ். பிழை கிடையாது. ஒரு நாளும் கெட்ட வார்த்தை எழுதியதில்லை. எதைச் சொன்னாலும் கடைசியில், "தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்" என்று முடிப்பார். "இந்தியத் தமிழர் என்போர் எந்தத் தொழிற்சங்கத்தின் ஆட்கள்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்." யாராவது பொறுமையாகப் பதில் சொன்னால் நன்றி சொல்லமாட்டார். மறுநாள் வேறு இடத்தில் அதே கேள்வியை மறுபடி கேட்பார். பதில் கிடைத்த பிறகும் கேள்வி மாறாவிட்டால் அந்த ஆளுக்கு வேண்டியது பதில் இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அந்த நேரத்தில் அவரைப் படித்தவர் என்று நினைத்து மரியாதை வைத்திருந்தேன்.

இன்னொரு கணக்கும் இருந்தது. அதன் பெயர் பெருமாள் பெருமாள். ஒரே பெயர் இரண்டு தடவை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செவ்வரத்தம்பூ. இந்தக் கணக்கு காலையில் எழுதும்: "நாங்க பொறந்ததும் இங்க, எங்க தொப்புள்கொடி பொதைச்சதும் இங்க. மலையகத் தமிழர்னுதான் சொல்லணும்." அதே கணக்கு பின்னேரம் எழுதும்: "எங்கப்பா கப்பல்ல வந்தவரு. அவர் வந்த ஊரை நான் எதுக்கு மறைக்கணும்? நான் இந்தியத் தமிழன்." மறுநாள் காலையில் மறுபடி மாறிவிடும்.

மலைச்சாரல் இந்த இரண்டையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் போட்டார். "காலையில் ஒரு நாக்கு, மாலையில் ஒரு நாக்கு. இந்தக் கணக்கை நடத்துவது யார்? நம்மைப் பிரிக்க வந்தவரா? அட்மினுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்."

அன்று நல்ல மழை. பதினாலாம் கட்டையில் மண் விழுந்து இரண்டு பஸ் மாட்டிக்கொண்டது. ஸ்டாண்டில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். ஒரு பக்கம் அவர்கள் சத்தம். மறுபக்கம் மேசைமேல் போன் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால், "அட்மின் தூங்குறாரா?" "அட்மினே அந்தக் கூட்டாளிதான்." "பேக் ஐடியத் தூக்க முடியாதவன் எதுக்கு அட்மினா இருக்கான்?" நூற்றுக்கும் மேல் இருந்தது.  இந்தச் சத்தம் நின்றால் போதும் என்று இருந்தது. அந்தக் கணக்கு யாருடையது என்று நான் யாரையும் கேட்கவில்லை. பெயர் இரண்டு தடவை, முகம் இல்லை, பேச்சு மாறுகிறது. போதும் என்று நினைத்தேன். கணக்கை நீக்கினேன். நீக்கிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அறிவித்தல் ஒன்றும் எழுதினேன்.

"பெருமாள் பெருமாள் என்பது போலிக் கணக்கு. குழுவிலிருந்து நீக்கப்பட்டுள்ளது. எல்லோரும் கவனமாக இருக்கவும்."

மூன்று வரிதான். அது குட்டையாகத் தெரிந்தது. வேறு குழுக்களில் வரும் எச்சரிக்கைகளின் கடைசியில் எப்போதும் ஒரு வரி இருக்கும். அதை அப்படியே எடுத்துக் கீழே ஒட்டினேன்: "இவர்களிடம் உங்கள் பிள்ளைகளின் படங்களைக் கொடுக்க வேண்டாம்."

 அறிவித்தல் என்றால் அப்படி இருக்கும் என்று நினைத்தேன். அதுவரை நான் எழுதிய எதற்கும் கிடைக்காத பாராட்டு அதற்குக் கிடைத்தது. "சிங்கம் அண்ணே நீங்க" என்று எழுதினார்கள். உள்ளதைச் சொல்கிறேன், அன்று பின்னேரம் குடித்த தேத்தண்ணி நன்றாக இருந்தது.

ஒரு வாரம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை, ஸ்டாண்டில் காலை பத்து இருபது மணி பஸ்ஸை அனுப்பிவிட்டுத் திரும்பினேன். என் டைம்கீப்பர் கூட்டுக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். குடையை மடக்கி உதறிவிட்டுக் கேட்டாள்.

"நீங்கதான அட்மின்?"

"ஆமா தங்கச்சி. எந்த பஸ்ஸுக்கு?"

"பஸ்ஸுக்கு இல்லண்ணே. நான்தான் பேக் ஐடி. நல்லா பாத்துக்கங்க. கை இருக்கு, கால் இருக்கு, பேர்கூட இருக்கு. கலா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் போனை என் மேசைமேல் வைத்தாள். திரை ஓரத்தில் விரிசல் விழுந்த போன்.

"இது எங்க வீட்டு போன். வீட்டுக்கு ஒண்ணுதான். காலையில நான் முன்பள்ளிக்கு எடுத்துட்டுப் போவேன். அப்பா மலையில தேயிலை கவ்வாத்து வெட்டிட்டு ரெண்டு மணிக்கு வந்துருவாரு. அதுக்கப்புறம் அவரு கையில. காலையில எழுதுறது நான். பின்னேரம் எழுதுறது அவரு."

"பேரு ரெண்டு தடவ இருந்துச்சே தங்கச்சி..."

"அப்பா பேரு பெருமாள். கணக்குத் தொறக்கையில ரெண்டு பேரு கேட்டுச்சாம். அவருக்கு ஒரு பேருதான் இருக்கு. அதையே ரெண்டு தடவ போட்டுட்டாரு. அது தப்பாண்ணே?"

தலையை ஆட்டினேன். தப்பு இல்லை என்று சொன்னேனா, தப்பு என்று சொன்னேனா, எனக்கே தெரியாது. நான் பிறந்து வளர்ந்ததும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில்தான். எங்கள் வீட்டு ரேடியோவை ஆறு பேர் பங்கு போட்டுக் கேட்டோம். என் பழைய போனில் என் அக்காவும் மச்சானும் எழுதியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஒரு போன்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியாத விசயமா? கொழும்பில் இருக்கிறவனுக்குத் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியாமல் போனதுதான் வெட்கம்.

அவள் மேலும் சொன்னாள். அவர்கள் தோட்டம் பசறைக்கும் லுணுகலைக்கும் நடுவில். கோயில் பக்கத்து மண்டபத்தில் ஒரு முன்பள்ளி தொடங்கி அவளை டீச்சராகப் போட்டிருந்தார்கள். பதினாலு பிள்ளைகள் வந்தார்கள். தாய்மார் எல்லோரும் மலையில் கொழுந்து பறிப்பவர்கள். பன்னிரண்டு மணிக்கு அவள் ஒவ்வொரு பிள்ளையையும் படம் எடுத்து அனுப்புவாள். சாப்பிடுகிற படம், கோடு கிறுக்குகிற படம், தூங்குகிற படம். மலையில் யாரிடமாவது போன் இருக்கும். கொழுந்து நிறுக்க வரும்போது எல்லாத் தாய்மாரும் அந்த ஒரு போனைச் சுற்றி நின்று பார்ப்பார்களாம். அந்தப் படங்கள் போனது பெருமாள் பெருமாள் என்ற கணக்கிலிருந்து.

"இப்ப நாலு பிள்ளைங்கதாண்ணே வருதுங்க. ஒங்க அறிவித்தலத்தான் எல்லாரும் காட்டுறாங்க. 'எங்க புள்ளைங்க படத்த எதுக்குடி எடுத்த, யாருக்கு அனுப்புன'ங்கிறாங்க. மாசக் கடைசிக்குள்ள பத்துப் பிள்ளையாச்சும் வரல்லேன்னா மூடிருவோம்னு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஐயா சொல்லிட்டாரு. நான் ஏ.எல். படிச்சிட்டு நாலு வருசம் சும்மா இருந்து கெடச்ச வேலை இது. அப்பா கோயிலுக்குக்கூடப் போறதில்ல."

"நான் மன்னிப்பு எழுதிப் போடுறேன் தங்கச்சி."

"போடுங்க. மொதல்ல போட்டீங்களே, அதே மாதிரி பெருசா போடுங்க."

போட்டேன். தவறு என்னுடையது, அது உண்மையான குடும்பம், மகள் நேரில் வந்து சொன்னாள், ஒரே போனில் இருவர் எழுதினார்கள் என்று விவரமாக எழுதினேன். அறிவித்தலை ஆயிரம் பேர் பகிர்ந்திருந்தால், மன்னிப்பைப் பகிர்ந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதுகூடப் பரவாயில்லை. ஒரு மணி நேரத்தில் மலைச்சாரல் வந்தார். "ஒரு வாரத்தில் அட்மினின் மனம் மாறியிருக்கிறது. அந்தப் பெண் நேரில் வந்து பார்த்ததாக அவரே சொல்கிறார். அட்மினுக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன பழக்கம்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்."

அதற்குக் கீழே வந்தவற்றை நான் எழுதமாட்டேன். சிரிக்கிற படங்கள் போட்டார்கள். எனக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது, என்னை என்ன சொன்னாலும் போகட்டும். அவள் கலியாணம் ஆகாத பெண். பதிலுக்குப் பதில் எழுதினேன். ஒவ்வொரு பதிலும் இன்னும் பத்துப் பேரைக் கூட்டி வந்தது. மலைச்சாரலை நீக்கினேன். "கேள்வி கேட்டால் நீக்குகிறார்கள்" என்று வேறு பெயரில் வந்தார். கடைசிவரை அவர் யார் என்று எனக்குத் தெரியாது. நல்ல தமிழ், அழகான முகப்படம், அடுத்தடுத்து இரண்டு பெயர். அவரைப் போலி என்று யாரும் சந்தேகப்படவில்லை, நான் உட்பட.

மறுநாள் பின்னேரம் பெருமாளின் போனிலிருந்து அழைப்பு வந்தது. கலாதான் பேசினாள். 

"அண்ணே, கோடி புண்ணியம், அந்த மன்னிப்ப எடுத்துருங்க."

"எடுத்தா தப்பு என் மேலன்னு யாருக்கும் தெரியாமப் போயிருமே தங்கச்சி."

"அங்க இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது? அவங்க புள்ளைங்களா எங்கிட்ட வருதுங்க? எங்க தோட்டத்துல பதினாலு அம்மாமாரு இருக்காங்க. அவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். நீங்க காலையில பெரட்டுக்கு வாங்க. வந்து வாயால சொல்லுங்க."

பெரட்டு என்றால் உங்களுக்குத் தெரியும். விடிந்ததும் எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் இடம். நூறு பேருக்குக் குறையாமல் நிற்பார்கள். நான் சின்ன வயதில் அம்மாவோடு போய் நின்றிருக்கிறேன். அங்கே வாய் திறந்து பேசியதில்லை. "எழுதித் தர்றேன், நீங்க படிச்சுக் காட்டுறீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னொரு தடவ எழுத்தா?" என்றாள் அவள்.

மன்னிப்பை எடுத்துவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் அவர்கள் தோட்டத்துக்குப் போனேன். கணக்கப்பிள்ளை இரண்டு நிமிடம் கொடுத்தார். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய பெண்கள் ஒரு பக்கம், கவ்வாத்துக் கத்தியோடு ஆண்கள் மறு பக்கம். கலா ஓரத்தில் நின்றாள். அவள் பக்கத்தில் ஒல்லியாக ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர்தான் பெருமாள் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். சத்தம் வரவில்லை.

"கொஞ்சம் பலமா பேசுங்க! நாங்க என்ன ஒங்க பொண்டாட்டியா, காதுக்குள்ள பேசுறீங்க?" என்றாள் ஒரு வயதான அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு எப்படியோ குரல் வந்துவிட்டது. நான்தான் அந்த அறிவித்தலை எழுதியவன், விசாரிக்காமல் எழுதினேன், படம் கொடுக்க வேண்டாம் என்ற வரி வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது, இந்தக் குடும்பத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன்.

ஒருவர் கேட்டார்: "அப்ப காலையில ஒண்ணு, பின்னேரம் ஒண்ணு எழுதுனது ரெண்டு பேருங்கிறத எப்புடி நம்புறது?"

நான் பதில் சொல்வதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏன், ஒங்க வீட்டு போன்ல ஒங்க மக பாட்டுப் போடுறா, ஒங்க பொண்டாட்டி அக்காகூட சண்டை போடுறா. அதெல்லாம் நீங்கதான் பண்றீங்கன்னு நாங்க நெனைச்சுக்கவா?" மறுபடி சிரிப்பு. கேட்டவரும் சிரித்துவிட்டார். குழுவில் அதே கேள்வியை அவர் கேட்டிருந்தால் அது முந்நூறு பதிலோடு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

கணக்கப்பிள்ளை பெருமாளைப் பார்த்துக் கேட்டார். "ஏம்ப்பா, ஓம் பேர்ல மக ஒனக்கு எதிரா எழுதுறா. பாத்துட்டுத்தான இருந்த? அழிச்சிருக்கக்கூடாதா? இவ்வளவு வந்திருக்காதே."

பெருமாள் தலையை நிமிர்த்தவில்லை. "அது அவ எழுதுனதுங்க. நான் எப்புடி அழிக்கிறது? நான் எழுதுனதையும் அவ அழிக்கல."

"வீட்டுல பேசித் தீத்துக்கிட்டாத்தான் என்ன?"

"பேசுனா சண்டை வந்துருங்க. படிச்சா வர்றதில்ல. அவ எழுதுனத ரெண்டு தடவ படிப்பேன். அவளும் படிப்பா. அப்புறம் ஒண்ணா ஒக்காந்து சாப்புடுவோம்."

ஒரு பெயருக்குக் கீழே இரண்டு எண்ணம் சண்டையில்லாமல் இருந்த இடம் அந்தக் குழுவிலேயே அது ஒன்றுதான். அதைத்தான் நான் இரட்டை நாக்கு என்று நினைத்து நீக்கியிருக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லைங்க" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு தன் ஆட்கள் பக்கம் போய் நின்றார்.

பிள்ளைகளை அனுப்புகிறோம் என்று மூன்று, நான்கு தாய்மார் அங்கேயே சொன்னார்கள். செல்வி என்ற பெண் சொல்லவில்லை. முதலில் பிள்ளையை நிறுத்தியது அவள்தான். மற்றவர்கள் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

"அனுப்புறேன். ஆனா படம் எடுக்கக்கூடாது. எடுத்து வச்சிருக்கிறத இப்பவே எங்க முன்னால அழிக்கணும்."

கலா உடனே போனை எடுத்தாள். தாய்மார் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு படமாகத் திறந்து காட்டி, அழித்தாள். முதல் இரண்டு மூன்று படம் சத்தமில்லாமல் போனது. பிறகு, "இரு இரு, இன்னொரு தடவ காட்டு" என்றாள் ஒருத்தி. "ஐயோ, இது எப்ப எடுத்தது? மூஞ்சி எல்லாம் சோறு." "என் மகதான இது? யாரு மடியில படுத்திருக்கா பாரு." சிரித்தார்கள். சிரித்துவிட்டு, "சரி, அழி" என்றார்கள். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை கலா விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

செல்வியின் மகன் படம் கடைசியில் வந்தது. பையன் ஒரு தாளில் எதையோ வரைந்து, அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். செல்வி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழி என்று சொல்லவில்லை. பிறகு திரும்பி என்னைக் கேட்டாள்.

"அண்ணே, இத அழிக்காம விட்டா என்ன ஆகும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் ஆகாதும்மா. நான் தெரியாம எழுதிட்டேன். வச்சுக்கங்க" என்றேன்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மிகவும் சாதாரணமாகத்தான் சொன்னாள். "அன்னைக்கு ஆபத்துன்னு எழுதுனதும் நீங்கதான். இன்னைக்கு ஒண்ணும் இல்லேங்கிறதும் நீங்கதான். நான் எத நம்புறது? எனக்கு ஒரே ஒரு புள்ளண்ணே." படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். "அழிச்சிரு கலா."

கலா அழித்தாள்.

மாசக் கடைசியில் பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். முன்பள்ளி இன்றும் நடக்கிறது. அவள்தான் டீச்சர். செல்வியின் மகனுக்கு இந்த வருடம் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது. பெருமாளின் கணக்கை நான் திரும்பச் சேர்த்தேன். அவர்கள் இருவரும் அதன்பிறகு குழுவில் ஒன்றும் எழுதவில்லை.

தம்பிமாரே, தங்கச்சி, உங்களுக்கும் ஒரு மழை நாள் வரும். ஸ்டாண்ட் நிறைய ஆட்கள் இருக்க, போன் அடித்துக்கொண்டே இருக்க, அட்மின் தூங்குகிறாரா என்று கேட்பார்கள். தூங்குகிறேன் என்று எழுதிவிடுங்கள். அந்தக் கணக்குக்காரர் எந்தத் தோட்டம் என்று விசாரியுங்கள், அங்கே போகும் பஸ்ஸில் ஏறிப் போய்ப் பாருங்கள். நம் ரோட்டில் எந்தத் தோட்டமும் ஒரு மணி நேரத்துக்குமேல் தூரமில்லை. நான் போகாத அந்த ஒரு மணி நேரத்தால், அந்த மலையில் பன்னிரண்டு மணிக்குக் கொழுந்து நிறுக்க வரும் தாய்மார் இன்றைக்கும் நிறுத்துவிட்டு, பார்க்க ஒரு படமும் இல்லாமல் சும்மா திரும்பிப் போகிறார்கள்.